பரண்மேல் ஒரு பாங்கி

உங்கள் வீட்டில் பரண் இருக்கிறதா? இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் வரையில் தயவுசெய்து அதன்மேல் ஏறாதீர்கள். ஏற்கெனவே ஏணியைச் சார்த்தியாகிவிட்டது என்றால் இறங்கிவிடுங்கள். பத்து நிமிஷத்தில் குடி ஒன்றும் முழுகிப் போய்விடாது. நான் அவசரப்பட்டு ஏறினவள், அதனால்தான் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். மேற்கு மாம்பலத்தில் என் தகப்பனார் 1986-ம் வருஷம் ஒரு வீடு வாங்கினார். தனி வீடு அல்ல. எட்டுக் குடித்தனம் உள்ள கட்டிடத்தில் முதல் மாடியில் ஒரு ஃபிளாட். முப்பத்தெட்டு வருஷத்தில் கம்பியெல்லாம் துருப்பிடித்து, மேல்தளத்துச் சிமெண்டு பாளம் பாளமாய்ப் பெயர்ந்து விழ ஆரம்பித்துவிட்டது. எட்டுக் குடித்தனக்காரர்களும் கூடிப் பேசி, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். 2024 ஆகஸ்டு முடிவதற்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

அப்பா 2021-ல் காலமாகிவிட்டார். அம்மா மட்டுந்தான் அங்கே இருந்தாள். இனிமேல் எங்களோடு இருக்கட்டும் என்று நானும் என் கணவரும் தீர்மானித்தோம். எங்கள் வீடு வேளச்சேரிப் பக்கம், ஏழாவது மாடி. காற்றுக்குக் குறைவில்லை, வெளிச்சத்துக்குக் குறைவில்லை. பரண் மட்டும் கிடையாது. அம்மா முதல் தடவை வந்து பார்த்தபோது, நாலு சுவரையும் நிமிர்ந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "வீடு அழகாத்தான் இருக்கு. சாமானெல்லாம் எங்கே வைப்பாங்க?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆபீசில் பதினைந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் களத்தில் இறங்கினேன். பெங்களூரிலிருந்து என் தம்பி டெலிபோனில் யோசனை சொன்னான். "எல்லாத்தையும் தூக்கிப் போடு, அக்கா. அம்மாவைக் கேட்காதே. கேட்டா ஒண்ணும் நகராது." பெங்களூரில் இருந்துகொண்டு மாம்பலத்துப் பரணைக் காலி செய்வது எவ்வளவு சுலபம், பாருங்கள்!

பழையதைக் கழிப்பது நமக்குப் புதிய வழக்கமா என்ன? போகி என்று அதற்கென்றே ஒரு பண்டிகை வைத்திருக்கிறோம். 2018-ல் போகிப் புகை மண்டிச் சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் திண்டாடின. ஆனால் போகியன்று நாம் எதை எரிக்கிறோம்? கிழிந்த பாய், தேய்ந்த துடைப்பம், பழந்துணி. பித்தளை அண்டாவைப் போகியில் போட்ட குடும்பம் உண்டா? பாயைப் பலி கொடுத்துப் பரணைக் காப்பாற்றிக்கொள்ளும் பண்டிகை அது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நான் வெறுங்கையோடு போகவில்லை, படித்துவிட்டுப் போனேன். ஜப்பானில் மாரி கோண்டோ என்று ஓர் அம்மாள் இருக்கிறார். வீட்டை ஒழிப்பது எப்படி என்று அவர் எழுதிய புத்தகம் உலகமெல்லாம் விற்றது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். மனசில் சந்தோஷம் உண்டானால் வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால், அதற்கு ஒரு நன்றி சொல்லி விடை கொடுத்துவிட வேண்டுமாம். இதை அம்மாவுக்கு விளக்கிச் சொல்லி, பரணிலிருந்து முதலில் இறங்கிய மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அவள் முன்னால் வைத்தேன்.

"சந்தோஷம் வருதா, அம்மா?"

"இதுவா? இருந்த நாளெல்லாம் கண் எரிச்சல்தான். பின் போட்டுக் குத்திக் குத்தி விரலெல்லாம் காயம். இதிலே சந்தோஷம் எங்கேருந்து வரும்?"

"அப்படின்னா போட்டுடலாமா?"

"ஏண்டி, கஷ்டப்பட்டு உழைச்ச சாமானைச் சந்தோஷம் தரலைன்னு தூக்கிப் போடுறதா? நல்ல நியாயம்!"

ஜப்பானிய முறை அத்துடன் முடிந்தது. (மூன்றாவது குழந்தை பிறந்த பிறகு தாமும் வீட்டை ஒழுங்கு செய்வதைக் கொஞ்சம் விட்டுவிட்டதாக அந்த மாரி கோண்டோ அம்மாளே 2023-ல் ஒப்புக்கொண்டார். இது எனக்கு மிகவும் ஆறுதலாயிருந்தது.)

பரணில் என்னென்ன இருந்தன என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டில் இருப்பவைதான். ஹார்லிக்ஸ் புட்டிகள், பெரிதும் சிறிதுமாக முப்பத்தொன்று. மூடியில்லாத பாத்திரங்கள், பாத்திரமில்லாத மூடிகள். சாலிடேர் டெலிவிஷன் வந்த அட்டைப் பெட்டி. டெலிவிஷன் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது. பெட்டி மட்டும் தெர்மோகோலுடன் புத்தம் புதிதாக இருந்தது. "ரிப்பேருக்குக் கொண்டு போனா எதிலே வெச்சு எடுத்துப் போறது?" என்று அப்போது சொல்லி வைத்ததாம். கல்யாணப் பத்திரிகைகள் ஒரு மூட்டை. ஒரு பக்கம் வெறுமையாயிருப்பதால் மளிகைக் கணக்கு எழுத உதவும். பிளாஸ்டிக் குடம் பதினொன்று. மஞ்சள் பைகள், எண்ணவில்லை.

மஞ்சள் பையைப் பற்றி மாத்திரம் நான் வாயைத் திறக்கவில்லை. 2021 டிசம்பரில் சர்க்கார் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் ஆரம்பித்த நாளிலிருந்து அம்மாவின் தோரணையே வேறு. கோட்டையில் உட்கார்ந்திருக்கிறவர்கள் தன்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள் என்பது அவள் கட்சி.

குடத்தில் நான் வாயைத் திறந்தேன். மாட்டிக்கொண்டேன்.

"பதினோரு குடம் எதுக்கு அம்மா? ஏழாவது மாடியிலே குழாயைத் திறந்தா தண்ணி கொட்டுது."

"2019-லே எந்தக் குழாயிலே கொட்டிச்சு?" என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நாலு ஏரியும் வறண்டு கிடந்தன. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரெயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்தபோது, அதைப் பார்த்து எழுதப் போன நிருபர்களில் நானும் ஒருத்தி. நான் ரெயிலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த அதே நேரத்தில், மாம்பலத்தில் லாரிக்கு முன்னால் பதினொரு குடத்தையும் வரிசை வைத்து, கீழ்வீட்டுக்கு இரண்டு, எதிர்வீட்டுக்கு மூன்று என்று இரவல் கொடுத்து, தெருவில் பெரிய மனுஷியாக விளங்கினவள் என் அம்மா.

இப்படியே ஒவ்வொன்றுக்கும் ஒரு பஞ்சம் சாட்சி சொல்லிற்று. ஸ்டவ்வுக்கு, காஸ் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த காலம். புட்டிகளுக்கு, ரேஷன் சர்க்கரையை எறும்பு கொண்டு போன காலம். நாம் குப்பை என்கிறோம். அம்மாவோ அதை முன்ஜாக்கிரதை என்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் நாற்பது வருஷம் இடைவெளி இருக்கிறது. தட்டினால் சாமான் வந்து கதவைத் தட்டுகிற காலத்தில் இருக்கிற நான், எதையும் சேர்த்து வைக்காமலிருப்பதில் என் சாமர்த்தியம் என்ன இருக்கிறது?

பாத்திரங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. பித்தளை அண்டா, தவலை, அடுக்கு, வெண்கலப் பானை, ஈயச் சொம்பு. இந்த ஈயச் சொம்பு இருக்கிறதே, அதன் சுபாவம் சில மனிதர்களைப் போல. உள்ளே ரசம் இருக்கிற வரையில் எத்தனை சூட்டையும் தாங்கும். வெறுமையாக அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும். அம்மா கல்யாணமான புதிதில் அப்படி ஒன்றை உருக்கி, மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை, என் பாட்டி போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

பாத்திரத்தைத் திருப்பினால் பெயர் இருக்கும். பழைய நாளில் உளியால் புள்ளி புள்ளியாய்த் தட்டி எழுதினது; பிற்பாடு மெஷினில் எழுதினது. ஒன்றில் பாட்டி பெயரும் 1951 என்ற வருஷமும். ஒன்றில் அத்தையின் வளைகாப்பு. ஒன்றில் நான் பிறந்த தேதி. யார் வீட்டுப் பாத்திரமோ ஒன்று, கல்யாணப் பந்தியில் இடம் மாறி வந்ததாம். முகந்தெரியாத அம்மாள் ஒருத்தியின் பெயரைத் தாங்கிக்கொண்டு எங்கள் பரணில் காலம் தள்ளியிருக்கிறது. "அவங்க வீட்டிலே நம்ம சொம்பு இருக்கும்" என்றாள் அம்மா, அது ஒரு நிச்சயமான ஏற்பாடு போல.

எனக்கு இதில் ஒன்று பட்டது. எங்கள் குடும்பத்தில் ஸ்திரீகளின் பெயர் எழுதியிருந்த சொத்து இந்தப் பாத்திரங்கள்தான். வீட்டுப் பத்திரத்தில் அப்பா பெயர். மின்சாரக் கட்டணச் சீட்டில் அப்பா பெயர். பீரோவின் சாவி அப்பாவின் இடுப்பில். அம்மாவின் பெயர் தேடினால் தவலைக்கு அடியில் இருக்கிறது.

பெயருள்ளவை எல்லாம் என்னோடு வரட்டும் என்றேன். அம்மாவுக்கு ஆச்சரியம். மற்றவற்றை எடைக்குப் போட அவளே சம்மதித்துவிட்டாள்.

எட்டாம் நாள் பழைய பேப்பர்காரர் வந்தார். எங்கள் தெருவுக்கு முப்பது வருஷமாய் வருகிறவர். முன்பு தராசும் எடைக்கல்லுமாய் வருவார். இப்போது கொக்கி மாட்டிய எலெக்ட்ரிக் தராசு. பேப்பர், இரும்பு, தகரம், பிளாஸ்டிக் என்று நான் தனித்தனியே குவித்து வைத்திருந்தேன். அம்மாவைக் கோவிலுக்குப் போய்வரச் சொல்லி அனுப்பியிருந்தேன். தம்பி சொன்ன யோசனையில் அந்தப் பகுதியை மாத்திரம் கடைப்பிடித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அம்மா இல்லாத ஒரு மணி நேரத்தில், அவளோடு தனித்தனியே வாதாட வேண்டிய ஐம்பது தகர டப்பாக்களை ஒரேயடியாய்த் தள்ளிவிடலாம் என்பது என் திட்டம்.

ஐம்பதில் ஒன்று பால் பவுடர் டப்பா. நான் கைக்குழந்தையாயிருந்தபோது வாங்கினது. மேலே காகிதம் ஒட்டி, 'பழைய திரி' என்று அம்மாவின் கையெழுத்தில் எழுதியிருந்தது. திறந்து பார்த்தேன். ஸ்டவ்வுக்குப் போடுகிற திரி, கருகின நுனியோடு, கட்டுக் கட்டாய். மூடிவிட்டுக் குவியலில் எறிந்தேன்.

பேப்பர்காரர் கெட்டிக்காரர். ஒவ்வொரு டப்பாவையும் காதண்டை வைத்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் சாக்கில் போட்டார். பால் பவுடர் டப்பாவைக் குலுக்கினவர் நிறுத்தினார். திரும்பவும் குலுக்கினார்.

"அம்மா, இதிலே திரிக்குக் கீழே என்னமோ சரசரங்குது. நல்லாப் பார்த்துட்டுக் குடுங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

திரியை எடுத்தேன். அடியில் வட்டமாய் வெட்டின அட்டை. அட்டைக்கு அடியில் மடித்த மஞ்சள் பை. மஞ்சள் பைக்குள் நோட்டுகள். ஐந்நூறு ரூபாய் நோட்டு பத்தொன்பது. ஆயிரம் ரூபாய் நோட்டு நாலு. ஆக மொத்தம் 13,500 ரூபாய். ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்புறத்தில் காந்தி தண்டி யாத்திரைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

தண்டி யாத்திரை என்றதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். எல்லாம் பழைய நோட்டு. 2016 நவம்பர் 8-ம் தேதி ராத்திரி எட்டு மணிக்குப் பிரதம மந்திரி டெலிவிஷனில் தோன்றி, இன்றைக்கு நடுநிசியோடு செல்லாது என்று அறிவித்த நோட்டு. பாங்கியில் போட்டு மாற்றிக்கொள்ள அந்த வருஷம் டிசம்பர் 30-ம் தேதி வரையில் கெடு இருந்தது. கெடு முடிந்து ஏழரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பேப்பர்காரருக்கும் புரிந்துவிட்டது. "பாவம், பாட்டி மறந்துட்டாங்க போல" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா கோவிலிலிருந்து வந்தாள். கூடத்தில் டப்பாவையும் நோட்டையும் பார்த்தாள். விபூதிப் பொட்டலத்தை ஜன்னல் மேல் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மறந்துட்டியா, அம்மா?"

"மறக்கிறதாவது! எத்தனை இருக்குன்னு சொல்லட்டுமா? பதிமூவாயிரத்து ஐந்நூறு."

"பின்னே ஏன் அப்பவே மாத்தலே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேட்டியே" என்றாள்.

கேட்டேன். ஞாபகம் வந்தது. நோட்டுச் செல்லாதென்று ஆன அந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் 13-ம் தேதி. சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். அப்பா பிரம்பு நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துக்கொண்டே, "என்ன அம்மா, அரிசிப் பானையிலே எவ்வளவு பதுக்கி வெச்சிருக்கே? இப்பவே சொல்லிடு!" என்று கேட்டேன். அப்பா பத்திரிகையைத் தாழ்த்தி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். "என்கிட்ட ஏது?" என்றாள்.

"அப்பா எதிரிலே கேட்டே. நான் என்ன சொல்ல?" என்றாள் இப்போது.

நேயர்களே, இந்த இடத்தில் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்த டிசம்பரில், பாங்கி வாசல்களில் பெண்களைச் சந்தித்து, கணவனுக்குத் தெரியாமல் சேர்த்த சிறுவாடு வெளிப்பட்டுப்போன கதையை இரண்டு பக்கம் எழுதினவள் நான். மிளகாய்த் தூள் டப்பாவில் வைத்தவர்கள், தலையணைக்குள் தைத்தவர்கள், வெளியே எடுத்ததும் வீட்டில் பேச்சு வாங்கினவர்கள் எல்லாரையும் தேடித் தேடிப் போனேன். மாம்பலத்துக்கு மட்டும் போகவில்லை. எங்கள் அம்மாவிடம்தான் ஒன்றும் கிடையாதே!

அப்பாவைப் பற்றித் தப்பாக நினைத்துவிடாதீர்கள். நல்ல மனிதர், கணக்கு மனிதர். முதல் தேதி வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுப்பார். முப்பதாம் தேதி கணக்குப் பார்ப்பார். ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை.

"அப்பா கேட்டா கொடுக்கமாட்டாரா, அம்மா?"

"கொடுப்பார். கேட்கணுமே!" என்றாள்.

சற்று நேரம் கழித்து அவளே மேலும் சொன்னாள். காய்கறியில் மிச்சம் பிடித்தது; தாம்பூலத்தில் யாராவது வைத்துக் கொடுத்தது; எல்லாவற்றையும்விட, பேப்பர் போட்ட காசு. பழைய பேப்பர் போட்ட காசுக்கு அப்பா கணக்குக் கேட்கமாட்டாராம். பிளாட்பாரத்தில் பூ வாங்கினது, எனக்குப் பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் போகப் பணம் கட்டினது, தம்பியின் கிரிக்கெட் மட்டை எல்லாம் அந்த டப்பாவின் உபயம்.

"பீரோவிலே உன் புடவைக்கு அடியிலே வெச்சிருக்கலாமே?"

"பீரோ சாவி உங்க அப்பாகிட்ட. பரணுக்குச் சாவியே கிடையாது. ஆனா குப்பையை யார் கிளறப் போறாங்க?"

நான் பரணை அண்ணாந்து பார்த்தேன். எட்டு நாளாய் நான் சண்டை போட்டுக் காலி செய்தது எது என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பா எத்தனை தடவை அந்தப் பரணை ஒழிக்கச் சொல்லியிருப்பார்! ஒவ்வொரு தடவையும் அம்மா ஒரு பாயையோ வாளியையோ கொடுத்துச் சமாதானம் செய்துவிடுவாள். ஒரு டப்பாவை ஒளித்து வைக்க ஐம்பது டப்பா வேண்டியிருந்தது. ஐம்பது டப்பாவை நியாயப்படுத்த முப்பத்தொரு புட்டி வேண்டியிருந்தது.

எல்லாவற்றிலும் எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. அம்மா சேர்த்தது பத்தும் இருபதும் ஐம்பதுமாய். அப்படியே வைத்திருந்தால் அத்தனையும் இன்றைக்குச் செல்லும். மளிகைக் கடையில் கொடுத்துக் கொடுத்துப் பெரிய நோட்டாக மாற்றிக்கொண்டிருக்கிறாள்.

"ஏன் அம்மா மாத்தினே?"

"சில்லறையா இருந்தா டப்பா கொள்ளலே. இடத்தை அடைக்குமேன்னுதான்" என்றாள்.

ஆயுசிலேயே ஒரு தடவைதான் என் அம்மா இடத்தை அடைக்குமே என்று கவலைப்பட்டிருக்கிறாள்!

அன்று மாலை சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். பத்திரிகைக்காரி அல்லவா? 2017-ல் இதற்கென்று ஒரு சட்டம் வந்திருக்கிறது. செல்லாத நோட்டு மொத்தம் பத்து வரையில் ஒருவர் வைத்திருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் குற்றம். பதினாயிரம் ரூபாய் அல்லது நோட்டின் மதிப்பில் ஐந்து மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது வரையில் அபராதம் போடலாம். ஐந்து பதிமூன்றரை, அறுபத்தேழரை. பதிமூவாயிரத்து ஐந்நூறு சேர்த்த குற்றத்துக்கு 67,500 ரூபாய்! அம்மாவிடம் சொன்னேன். "சேர்த்து வெச்சதுக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"உண்டியலிலே போட்டுடட்டுமா?"

"சுவாமியாலும் மாத்த முடியாது அம்மா. திருப்பதி உண்டியலிலேயே கோடிக்கணக்கில் பழைய நோட்டு விழுந்து தேவஸ்தானம் திண்டாடினது."

அப்படியென்றால் பதிமூன்று நோட்டை அழித்தாக வேண்டும். நான் கிழிக்கப் போனேன். அம்மா என் கையைத் தடுத்தாள். "நான் சேர்த்தது. நானே கிழிக்கிறேன்" என்றாள். உபயோகப்படுமென்று பஸ் டிக்கெட்டைக்கூடப் பத்திரப்படுத்துகிறவள் அம்மா. கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, முதலில் பாதியாக, பிறகு கால்வாசியாக, பிறகு நூல் நூலாக, நகத்தால் மடிப்பு வைத்து ஒழுங்காகக் கிழித்தாள். நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு தடவை, "ஞாயித்துக்கிழமை நீ தனியா வந்து சமையல்கட்டிலே கேட்டிருந்தியானா சொல்லியிருப்பேன்" என்றாள். கோபமாக அல்ல, ரசத்துக்கு உப்புக் கொஞ்சம் கம்மி என்று சொல்வது போல.

கிழித்த துணுக்கை முறத்தில் வாரினாள். குப்பைக் கூடை அங்கேதான் இருந்தது. அம்மா எழுந்து, கொலு பொம்மைப் பெட்டிக்குப் போனாள். பண்ருட்டியில் வாங்கின செட்டியார் பொம்மை; கடை பரப்பிக்கொண்டு தொந்தியும் சிரிப்புமாய் உட்கார்ந்திருப்பவர். வேளச்சேரி போகிற வழியில் உடையாமல் இருக்க, அவரைச் சுற்றி வைக்கோல் அடைக்க வேண்டியிருந்தது. வைக்கோலுக்குப் பதில் துணுக்கை அடைத்தாள்.

"செட்டியாருக்குப் பணத்திலே உட்கார்ந்து பழக்கம்தானே!" என்றாள். இரண்டு பேருமே சிரித்தோம். எனக்குச் சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது.

பேப்பர்காரருக்கு டப்பா ஒன்று குறைந்தது. மற்றபடி அவர் இரண்டு நடை போனார். தகரம், இரும்பு, காகிதம் எல்லாம் சேர்ந்து வந்த பணத்தை அம்மாவின் கையிலேயே கொடுக்கச் சொன்னேன். எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்டு 29-ம் தேதி சாவியைக் கொடுத்தோம். பதினொரு குடத்தில் நாலு எங்களோடு வந்தது. மீதியை எதிர்வீட்டு அம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். செல்லாத நோட்டில் சட்டம் அனுமதிக்கிற பத்தும் மஞ்சள் பையோடு வந்தன. என் அலமாரியில் இரண்டு தட்டை ஒழித்து, பூட்டும் சாவியுமாய் அம்மாவுக்குக் கொடுத்தேன். மிகவும் சந்தோஷம் என்றாள். புடவைகளை அடுக்கினாள். சாவியை அலமாரியிலேயே தொங்கவிட்டிருக்கிறாள்; எடுத்து வைத்துக்கொள்வதே இல்லை.

அக்டோபர் 3-ம் தேதி நவராத்திரி பிறந்தது. ஏழாவது மாடியில் ஐந்து படி கட்டினோம். செட்டியார் அரிசி, பருப்பு, மிளகு, மஞ்சளோடு உட்கார்ந்தார். எதிரே சின்னக் கிண்ணத்தில் அந்தக் காகிதத் துணுக்கு. சுண்டலுக்கு வந்த அடுத்த வீட்டுப் பெண் குழந்தை, "இது என்ன பாட்டி?" என்று கேட்டது. "கல்லாப் பெட்டி" என்றாள் அம்மா.

கொலு எடுத்த மறுநாள் காப்பிப்பொடி டப்பா ஒன்று காலியாயிற்று. கழுவிக் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். திரும்பி வந்தபோது காணோம். அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு பெருக்குகிறபோது அம்மாவின் கட்டிலுக்கு அடியில், தலைமாட்டுப் பக்கம், சுவரோரமாய் அது இருந்தது. மேலே காகிதம் ஒட்டியிருந்தது. 'பழைய பித்தான்.'

கையில் எடுத்தேன். பித்தானுக்குள்ள கனம் இல்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சுற்றிலும் பெருக்கினேன்.